ஓடைக்குக் கீழே ஐம்பது அடி

பிம்ப்ரியிலிருந்து கசார்வாடிக்குப் பழைய மும்பை சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். பஸ்ஸில் போயிருக்கலாம். பதினோரு வருஷம் தோளில் ஐஸ் பெட்டியோடு ஏறியவன் வெறுங்கையாக ஏறினால் கண்டக்டர் ஏதாவது கேட்பான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பாரம் இல்லாத வலது தோள் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டே இருந்தது. அதைக் கீழே இறக்கிக் கீழே இறக்கி நடந்தேன். தலைக்கு மேல் மெட்ரோ இரண்டு தடவை போனது.

அன்று காலைவரை நான் ஒரு தனியார் லேபில் ஆற்றுத் தண்ணீர் மொள்கிறவன். பவனா ஆற்றில் ஆறு இடங்கள். செவ்வாய்க்கிழமை தோறும் ஒவ்வொன்றிலும் நான்கு பாட்டில் நிரப்பி, ஐஸில் வைத்து, லேபுக்குக் கொண்டுவர வேண்டும். மற்ற நாட்களில் பாட்டில் கழுவுவது, கிணறு, தொட்டி, ஆலைக் குழாய் என்று வேறு இடங்களுக்குப் போவது. படித்தவர்கள் தண்ணீரைப் பார்த்து எண் எழுதுவார்கள். அந்த எண்களை ஊரை நிர்வாகம் செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். எண்ணுக்கு முன்னால் ஒருவன் ஆற்றில் குனிய வேண்டும். அது நான்.

அதற்கு முன் செய்த வேலைகளை வரிசையாகச் சொல்ல எனக்கே வராது. கள்ளக்குறிச்சிப் பக்கம் பிறந்தேன். ஏழாவது பாதியில் நின்றது. லாரியில் கிளீனராக வந்து இந்த ஊரில் இறங்கினேன். கடக்வாஸ்லா அணைக்கரையில் மழை பார்க்க வருகிறவர்களுக்கு வெங்காய பஜ்ஜி போட்டேன். கசார்வாடியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டினேன். அட்டைப்பெட்டிக் கம்பெனி, செங்கல் இறக்குவது, கல்யாண மண்டபத்தில் பாத்திரம். எதையும் கோபித்துக்கொண்டு விட்டதில்லை. ஒரு நாள் காலையில் போகத் தோன்றாது. மறுநாள் வேறு இடத்தில் நிற்பேன். ஒரே இடத்தில் இரண்டு வருஷம் தாண்டியது லேபில் மட்டும்தான். அங்கே வேலையே நடப்பது என்பதால் இருக்கலாம்.

இதை எழுதச் சொன்னவர்கள் அதே லேபில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர். ஆற்றில் கம்பம் நட்டு மெஷின் வைக்கப் போகிறார்களாம். அது தானாகவே தண்ணீரைச் சோதித்து போனுக்கு அனுப்பிவிடுமாம். கம்பத்தை எங்கே நடுவது என்று கேட்க என் அறை தேடி வந்தார்கள். வாயால் சொன்னதை எழுதியே கொடுங்கள் என்றார்கள். முழங்கால் போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை?

எனக்கு மொள்ளக் கற்றுக்கொடுத்தது லேபின் கெமிஸ்ட் ஜோஷி மேடம். மூன்று நாளில் முடிந்துவிட்டது. ஓடும் தண்ணீரில் நிற்க வேண்டும், தேங்கிய இடத்தில் கூடாது. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், காலில் கலங்கிய சேறு பாட்டிலுக்குள் போகக் கூடாது. அதே ஆற்றுத் தண்ணீரால் பாட்டிலை மூன்று தடவை அலச வேண்டும். பிறகு ஒரு முழம் ஆழத்தில் வாயை வரத்துப் பக்கம் காட்டி மெதுவாக நிரப்ப வேண்டும். பென்சிலால் எழுத வேண்டும். ஐஸ் தண்ணீரில் பேனா கரைந்துவிடும்.

ஒரு பாட்டில் மட்டும் தனி. கண்ணாடி. அதில் காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்கக் கூடாது. கரையிலேயே இரண்டு மருந்து விட்டு, மூடி, கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்ட வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாக ஒரு மேகம் இறங்கும், டீ போல. இல்லாவிட்டால் வெள்ளையாக இறங்கும். எண்ணெல்லாம் பிறகு லேபில்தான். ஆனால் மீன் பிழைக்குமா பிழைக்காதா என்பது கரையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். முதல் இடம் ஊருக்கு வெளியே. அங்கே கெட்டியான பழுப்பு. ஒவ்வொரு இடமாக ஊருக்குள் வர வர நிறம் வெளுக்கும். கசார்வாடிக்குப் பின்னால் இருக்கும் ஐந்தாவது இடத்தில் முழு வெள்ளை.

ஐந்தாவது இடத்துக்கு மேடமே என்னை அழைத்துப் போனார். பெரிய சாக்கடை ஓடை ஒன்று ஆற்றில் விழுகிறது. அந்த வாயிலிருந்து கீழ்ப்பக்கமாக என்னை நடக்கச் சொன்னார். என் எட்டில் இருபது. அங்கே பழைய கல்படி ஒன்று இருந்தது. படிவத்தில் இப்படி எழுதினார்: ஓடைக்குக் கீழே ஐம்பது அடி, கல்படி. “இந்த இடம்தான். என்ன ஆனாலும் இதுதான்” என்றார். ஓடை கலந்த பிறகு ஆறு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்த இடமே.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் பெட்டியை மேஜையில் வைத்ததும் புறங்கையை உள்ளே விட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் குளிர்ச்சி பார்ப்பார். ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டுப் படிப்பார். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும், “என்ன பார்த்தீங்க அண்ணா?” இந்த ஊரில் மதராஸிக்காரன் எல்லாருமே அண்ணாதான். அதில் உறவு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். ‘வழக்கம்போல’ என்று சொன்னால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். கொக்கு நின்றதா, நுரை இருந்ததா, என்ன நாற்றம், முட்டை நாற்றமா சோப்பு நாற்றமா, எல்லாம் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க என்னிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. செவ்வாய் சாயங்காலம் நான் பேசுகிற பேச்சு மற்ற ஆறு நாள் பேச்சைவிட அதிகம்.

இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு தப்பு செய்தேன். ஐந்தாம் இடத்தில் வெள்ளம் படியை மூடிவிட்டது. நான் கொஞ்சம் மேலே போய் ஒரு பாறையிலிருந்து மொண்டு வந்து, மறைக்காமல் சொன்னேன். மேடம் அந்த நான்கு பாட்டிலையும் என் கண் முன்னால் தொட்டியில் கொட்டினார். “வேற இடத்துத் தண்ணி வேற ஆறு” என்றார். அவ்வளவுதான் திட்டு. அதற்குப் பிறகு நான் படியை விட்டு அசைந்ததில்லை.

பதினோரு வருஷத்தில் ஆறு என்ன ஆனது என்று கேட்டால், என்னிடம் இருந்த அளவுகோல் வேறு. ஆறாம் இடத்தில் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் வாளி இறக்கி மொள்வேன். ஆரம்பத்தில் வெயில் காலத்தில் கைப்பிடிச் சுவரின் நடுவில் எங்கே நின்று இறக்கினாலும் வாளி தண்ணீரில் விழும். கடைசி வருஷங்களில் இரண்டு தூணுக்கு நடுவே ஒரே ஒரு சந்து. மற்றதெல்லாம் மண். அந்த மண் ஆறு கொண்டுவந்தது இல்லை. இடித்த வீட்டின் செங்கல், டைல்ஸ், கக்கூஸ் பீங்கான் என்று டிப்பரில் வந்தது. முதலில் கரையில் கொட்டினார்கள். கரை உள்ளே வந்தது. வந்த கரையில் நின்று மறுபடி கொட்டினார்கள். ஒரு வருஷம் கிரிக்கெட் ஆடினார்கள். அடுத்த வருஷம் கார் நிறுத்தினார்கள். தை பிறந்தால் ஆகாயத்தாமரை வந்து ஆற்றை மூடிவிடும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுப்பார்கள்.

ஐந்தாம் இடத்திலும் ஓடை வாயை ஒட்டி டிப்பர்கள் கொட்டின. ஒரு மழைக்காலம் முடிந்து நான் போனபோது, ஓடை விழுந்த இடம் காய்ந்து கிடந்தது. படியில் நாற்றம் குறைந்திருந்தது. பாட்டிலில் வெள்ளை இல்லை. லேசாக, காய்ந்த வைக்கோல் நிறத்தில் ஒரு மேகம் இறங்கியது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்ன சொல்ல? ஏதோ நான் கவனித்துக்கொண்டதால் பிழைத்த மாதிரி இருந்தது. மேடம் கேட்டபோது நாற்றம் குறைவு, நிறம் தேவலை என்றேன். அவரும் சிரித்தார். அடுத்த வருஷம் பழுப்பு. அதற்கடுத்த வருஷம் இன்னும் பழுப்பு. லேப் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஐந்தாம் இடத்தின் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. அதற்குக் கீழே மேடத்தின் பெயர் அச்சிட்டிருந்தது.

ஓடை வாய் காய்ந்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். யாரோ மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே போனது என்று தேடிப் போகவில்லை. மேடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டார், தண்ணீரைப் பற்றிச் சொன்னேன்.

அந்தப் படியில் எனக்குப் பழக்கமான ஒரே ஆள் பாக்கியம். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கும். பட்டறைகளைக் கூட்டுகிறவள். கரை மேட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை வரிசையில் இருந்தாள். நான் பாட்டிலை அலசும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணுவேன். அதைக் கேட்டுத்தான், “தமிழாய்யா நீ?” என்று வந்தாள். பிறகு செவ்வாய்க்கிழமை எதிர்ப்பட்டால் இரண்டு வார்த்தை பேசுவோம். பெட்டியைப் பார்த்து, “இன்னிக்கி என்னா மீனு?” என்பாள். பஸ்ஸில் பாதிப் பேர் நிஜமாகவே அப்படித்தான் கேட்பார்கள். மீதிப் பேர் குல்ஃபி கேட்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. படியில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஆட்கள் வந்து கொட்டகைகளின் தகரத்தில் சிவப்புக் கோடு போட்டுப் போனார்களாம். ஓடைத் தண்ணீரைக் குழாயில் பிடித்துச் சுத்திகரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதற்கு. ஒவ்வொரு மழையிலும் ஓடை எதிர்த்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு வரும். பாத்திரம், படுக்கை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அதில் மிதக்கும். குழாய் வந்தால் அது நிற்கும். போன வாரம் அதே ஆட்கள் வந்து, குழாய் வேண்டியதில்லை, இங்கே ஆறு நன்றாகிவிட்டது, காகிதத்தில் இருக்கிறது என்றார்களாம்.

“எந்தத் தண்ணி நல்லா கீதாம்?” என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் மொண்டதுதான் அந்தக் காகிதம், நிஜமாகவே தேவலை என்று பழுப்புப் பாட்டிலைக் காட்டினேன்.

அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை. “நீ மொண்டுகினு போறது மேலத் தண்ணி. எங்க தண்ணிய நீ ஒரு நாளும் மொண்டதில்ல.”

பதினோரு வருஷமாக இதே படிதான் என்றேன்.

“படி அங்கியேதான் கீது. ஓடை எங்க கீதுன்னு வந்து பாரு.”

கரை மேட்டின் மேல் ஏறி அவள் பின்னால் போனேன். கொட்டிய கல்லும் மண்ணும் ஓடையின் பழைய வாயை அடைத்துவிட்டன. ஓடை மேட்டின் முதுகுப் பக்கமாகவே வளைந்து, கொட்டகைகளை உரசிக்கொண்டு ஓடி, ஒரு பர்லாங் கீழே ஆகாயத்தாமரைக்கு நடுவில் ஆற்றில் விழுந்தது. அதே கறுப்பு, அதே நாற்றம். நடுவில் மேடு நின்றதால் படியிலிருந்து எதுவும் தெரியாது. நான் மூன்று மழையாக ஓடை விழுவதற்கு முன்னால் இருந்த ஆற்றை மொண்டு, விழுந்த பிறகு இருக்கும் ஆறு என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

பெட்டியில் உபரியாக ஒரு கண்ணாடி பாட்டில் எப்போதும் இருக்கும். புது வாயிலிருந்து இருபது எட்டு நடந்து இறங்கினேன். மூன்று தடவை அலசினேன். எண்ண வாய் வரவில்லை. மருந்து விட்டு ஆட்டினேன்.

“பால் மாதிரி கீதே. நல்லதா?” என்றாள் பாக்கியம்.

“இல்ல” என்றேன்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு பாட்டிலை ஜன்னல் வழியாகக் கவிழ்த்தால் போதும். அடுத்த செவ்வாய் படியில் மொள்ளலாம், கோடு இன்னும் ஏறும், மேடம் சிரிப்பார், நான் செவ்வாய் சாயங்காலம் பேசலாம். ஆனால் ஓடை கொட்டகைகளுக்குள் புகும் மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

மேடம் வழக்கப்படி புறங்கையை விட்டுப் பார்த்தார். சீட்டுகளைப் படித்தார். கடைசி பாட்டிலில் சீட்டு இல்லை.

“இது எது?”

“அஞ்சு.”

“அஞ்சு இங்க இருக்கே” என்று பழுப்பைத் தொட்டார்.

“அது அஞ்சு இல்ல மேடம். இதுதான் அஞ்சு.”

நான் பார்த்ததைச் சொன்னேன். முடிந்ததும், “எப்போலேர்ந்து?” என்றார். மூன்று மழை என்றேன். ஃபைல்களை எடுத்து அந்த மாதத்தைத் தேடினார். நாற்றம் குறைவு என்று நான் சொல்லி அவர் எழுதிய வரி இருந்தது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“ஏன் போய்ப் பார்க்கல?”

“இடத்தை மாத்தாதீங்கன்னு சொன்னீங்க.”

அது சரிதான் என்பதுபோல் தலையசைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“வருஷத்துக்கு ஒரு தடவை இடத்தைப் போய்ப் பார்க்கணும்னு எழுதி வெச்சதே நான்தான்” என்றார். “போகல. கோடு ஏறிட்டே இருந்துது. எதுக்குப் போவேன்?” பிறகு என்னைப் பார்த்தார். “நான் இதை இருக்கிறபடி எழுதினா நீங்க இங்க இருக்க முடியாது அண்ணா. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“எழுதட்டுமா?”

“எழுதுங்க.”

அவர் மராட்டியில் எழுதியதை வாய்விட்டு ஒரு தடவை படித்துக் காட்டினார். என் தப்பு இரண்டு வரி, அவர் தப்பு மூன்று வரி. நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். மேடம் எழுந்துபோய், சுவரில் ஏறியிருந்த கோட்டின் மேல் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

நான்கு நாள் கழித்து லேப் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று வருஷத்து அறிக்கையைத் திரும்ப வாங்குகிற லேபுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. யாராவது ஒருவர் போனதாகக் காட்ட வேண்டும். கெமிஸ்ட் போனால் லேப் நடக்காது. சரி என்றேன்.

மேடம் தன் மேஜையில் இருந்தார். போய்ச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. “காலையில வந்த பாட்டில் இருக்கு. கழுவி வெச்சுட்டுப் போங்க” என்றார்.

இருபத்துநான்கு பாட்டில். ஆசிட்டில் நனைத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலசி, கவிழ்த்து அடுக்கினேன். கடைசி பாட்டில் வைக்கும்போது மேடம் வந்தார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பி அதே இடத்தில் வைத்தார். “சரி” என்றார். என்ன பார்த்தீங்க என்று கேட்கவில்லை. நான் வெளியே வந்து நடக்க ஆரம்பித்தேன்.

குழாய் வந்ததா என்று கம்பம் நட வந்தவர்களும் கேட்டார்கள். பாதி தூரம் வந்திருக்கிறது. சிவப்புக் கோட்டை மறுபடி போட்டார்கள் என்பதுவரை பாக்கியம் சொல்லிக் கேட்டேன். பிறகு அவள் மகனோடு வேறு பக்கம் போய்விட்டாள். கம்பத்தைப் பற்றி என்னிடம் இருப்பது ஒரே யோசனை. நட்டுவிட்டு வருஷா வருஷம் போய், அதைச் சுற்றி ஆறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வேலை போன அன்று கசார்வாடி அறைக்கு வந்து சேர்ந்தபோது நான்கு மணி. கீழே பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சோறு வைத்தேன். சொல்ல யாரும் இல்லை, சொல்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை கூலி ஆட்கள் நிற்கும் முனையில் போய் நின்றேன். ஆகாயத்தாமரை எடுக்க ஆள் பிடித்துக்கொண்டிருந்தான் ஒரு மேஸ்திரி. நீந்தத் தெரியுமா என்றான். தெரியாது என்றேன். நெஞ்சளவுதான், மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சிரித்தான். டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியது என் கல்படி அருகில்.

அவன் ஆட்களைப் பிரித்தான். படிப் பக்கம் ஆறு பேர், ஓடை விழும் பக்கம் நாலு பேர். கீழே நாற்றம் தாங்காது, சொறி வரும், அதனால் முறை வைத்துப் போக வேண்டும். “அண்ணா, நீ புதுசு. இன்னிக்கு மேல நில்லு” என்றான்.

கீழேயே நிற்கிறேன் என்றேன். ஓடைக்குக் கீழே ஐம்பது அடி.

“ஐம்பது அடியா? டேப் கொண்டாந்திருக்கியா?” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் யாரும் போனதில்லை போலிருக்கிறது. மேஸ்திரி தடுக்கவில்லை.

மேட்டைச் சுற்றிக்கொண்டு புது வாய்க்குப் போனேன். அங்கிருந்து எண்ணினேன். இருபது எட்டு. சட்டையைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டு, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து இறங்கினேன்.